குரல் பானைக்கு ஒரு செய்முறை

ஏப்ரல் 22, திங்கள்

சங்கரன்கோவில் வாழ் பெருமக்களே, தாய்மார்களே, இன்று முதல் கோமதிநாயகம் ஊமை.

டாக்டர் உத்தரவு. தொண்டையிலிருந்து பட்டாணியில் கால்வாசி சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்களாம். முடிவு வரும்வரை பேசக் கூடாது. ரகசியம் பேசினால் இன்னும் கெடுதலாம். ‘ம்’ கூடக் கூடாது என்றார் அந்த மதுரை டாக்டர். யாரிடம் சொல்கிறோம் என்று தெரிந்துதான் சொன்னாரா?

இந்த ஊரில் எந்தக் கடை திறந்தாலும், எந்தக் கடை தள்ளுபடி போட்டாலும் செய்யது மைதீனின் ஆட்டோ உச்சியில் கட்டிய இரண்டு குழாய் வழியாக வருவது என் குரல். போன வருஷம் ஒரு முகூர்த்த நாளில் ‘இன்றே கடைசி’ என்று நான் சொன்னதைக் கேட்டு, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் பாயசத்தை விட்டு எழுந்து ஜவுளிக்கடைக்கு ஓடினார்கள். மாப்பிள்ளையும் ஓடினார். அவரைத் திருப்பி மணமேடைக்கு அழைக்கவும் நான்தான் அறிவிப்புச் செய்தேன்.

பொங்கலிலிருந்து அந்தக் குரலில் ஒரு கரகரப்பு. தொண்டைக்குள் யாரோ மணல் இறக்கிவிட்டு வாடகை தராமல் இருப்பதுபோல. பனங்கற்கண்டு தின்றேன், மிளகு தின்றேன். மணல்காரன் நகரவில்லை.

தங்கை வடிவு ஒரு சிலேட்டும் பல்பமும் வாங்கித் தந்திருக்கிறாள். “என்ன வேணும்னாலும் எழுதிக் காட்டு. வாயத் தொறந்தே, அண்ணன்னு பாக்க மாட்டேன்” என்றாள். பயந்தவள்போல் இல்லை, கோபக்காரிபோல் இருந்தாள். அவளுக்குப் பயம் வந்தால் அப்படித்தான்.

நான் இருப்பது அவள் வீட்டு மாடி அறை. தினம் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு குரல் பழகுவது வழக்கம். இன்று கதவு திறந்தே கிடந்தது. தெருச் சத்தம் வந்தால் வரட்டும்.

ஏப்ரல் 24, புதன்

வடிவின் மகள் இசக்கிப்பிரியாவுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து விடுமுறை. பள்ளியில் அவள் பிரியா. எனக்கு மட்டும் இசக்கி. அவள் அப்பா சூரத்தில் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை வருவார். அதனால் இந்த வீட்டில் அவளோடு சண்டை போடும் பதவி என்னுடையது.

“மாமா, சொவத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கீய. பாக்கவே பாவமா இருக்கு. இத வெளையாடுங்க” என்று அவளுடைய பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தாள்.

விளையாட்டுக்கு இங்கிலீஷில் என்னவோ பெயர். மலை, ஆறு, ஆடு, மாடு எல்லாமே சதுரச் சதுரமான மண் கட்டி. ஆகவே நான் வைத்த பெயர் மண்ணாங்கட்டி. இதில் ஜெயிப்பது தோற்பது கிடையாது. தோண்டலாம், கட்டலாம், சாமான் செய்யலாம். இரண்டு குச்சியும் மூன்று கல்லும் சேர்த்தால் மண்வெட்டி. மண்ணைச் சுட்டால் பானை. அதற்குச் செய்முறை என்று பெயர்.

முதல் நாளிலேயே நான் மரத்தை வெறுங்கையால் குத்திச் சாய்த்தேன். உலக வரலாற்றில் இதற்கு முன் யாரும் செய்ததில்லை. அடுத்த நிமிஷம் ஓர் ஆடு என்னை முட்டிக் குழிக்குள் தள்ளிவிட்டது. அதுவும் வரலாற்றில் இல்லை.

“ஆடு முட்டிச் செத்த ஒரே ஆளு நீங்கதான் மாமா” என்றாள் இசக்கி.

சிலேட்டில் எழுதினேன்: ‘அது ஆடு இல்லை. எதிரி நாட்டு ஒற்றன்.’

ஏப்ரல் 27, சனி

மண்ணாங்கட்டியில் பெரிய ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்தேன். மூன்று கோதுமையைச் சேர்த்தால் அந்தக் கணமே ரொட்டி. மாவு பிசைவது இல்லை, ஊறுவது இல்லை, புளிப்பது இல்லை. இது என்ன உலகம்?

விளையாட்டை உண்டாக்கிய கம்பெனிக்கு யோசனை எழுத ஓர் இடம் இருக்கிறதாம். மற்ற ஆட்டக்காரர்கள் படித்துப் பிடித்தால் ஓட்டுப் போடுவார்கள். நான் தமிழில் எழுத, இசக்கி இங்கிலீஷில் ஏற்றுவதாக ஒப்பந்தம். மகாப் பிரகடனம் எழுதினேன்:

‘அண்ட சராசரங்களையும் மண் கட்டியால் படைத்த மகான்களே! இட்லி மாவைச் சேருங்கள். அரிசி நாலு, உளுந்து ஒன்று, உப்பு, தண்ணீர். ஐந்தாவது சாமான் காத்திருப்பு. அதை எந்தச் சுரங்கத்திலும் தோண்டி எடுக்க முடியாது. பெட்டியை மூடி வைத்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் மாவு கல்லாகும். மறந்துபோனால் பொங்கி வழிந்து வீதியில் ஓடி, அரக்கர்களை மூழ்கடித்து, கடலை வெண்மையாக்கும்.’

இசக்கி அதை இரண்டு வரியாக்கி ஏற்றினாள். கடல் போயிற்று, அரக்கர் போனார்கள்.

“இவ்வளவையும் எழுதினா பைத்தியம்னு நெனைப்பாங்க மாமா.”

‘நினைக்கட்டும். பைத்தியக்காரன் பேச்சுக்குத்தான் கூட்டம் கூடும்’ என்று எழுதிக் காட்டினேன்.

ஏப்ரல் 29, திங்கள்

மதுரையிலிருந்து போன் இல்லை. வடிவு இன்று செல்போனைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து வைத்தாள்.

இட்லி மாவுக்குப் பதில் வந்துவிட்டது. கம்பெனி ஆள், படத்தில் கரடி. ‘நன்றி. ஆனால் ஆட்டக்காரர்கள் காத்திருப்பதை விரும்புவதில்லை.’

கரடியார் எவ்வளவு பெரிய ஞானி.

மே 3, வெள்ளி

மதுரை போய் வந்தோம். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. திருமங்கலத்தில் வெள்ளரிப் பிஞ்சு வாங்கினோம்.

டாக்டர் மேஜையில் பிளாஸ்டிக் தொண்டை ஒன்று இருந்தது. கழற்றி மாட்டலாம். அவர் நடுவில் ஒரு துண்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். பேசி முடித்தபின் அதைத் திரும்ப மாட்ட மறந்து மேஜை ஓரத்தில் வைத்துவிட்டார். எனக்கு அதையே பார்த்துக்கொண்டிருக்கத் தோன்றியது. விழுந்துவிடுமோ என்று.

“குரல்வளைய முழுசா எடுத்துரணும். கழுத்துல ஒரு துவாரம் வைப்போம், மூச்சு அது வழியா. உயிருக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. தள்ளிப்போடாதீங்க” என்றார்.

வடிவு கேட்டாள்: “பேச்சு?”

“கழுத்துல வச்சுப் பேசுற மெஷின் இருக்கு. பழகிக்கலாம். பழைய குரல் வராதும்மா.”

மணல்காரன் வீட்டையே எழுதி வாங்கிவிட்டான்.

இனிமேல் பேசலாமா என்று சிலேட்டில் கேட்டேன். “பேசுங்க. இனி ஓய்வு குடுத்துப் பிரயோஜனம் இல்ல” என்றார்.

பத்து நாளுக்கு மேல் அடைத்து வைத்திருந்த பேச்சு. திரும்பி வரும் பஸ்ஸில், வெள்ளரிப் பிஞ்சில் உப்பு அதிகம் என்று மட்டும் சொன்னேன்.

வீட்டில் இசக்கி கேட்டதற்கு, “கேன்சராம்ட்டி. ஆபரேசன் பண்ணுனா சரியாயிரும்” என்று வடிவு அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அடுப்பு பற்ற வைத்திருக்கவில்லை.

மே 6, திங்கள்

மண்ணாங்கட்டி வரலாற்றைப் புரட்டிப் போடப்போகும் செய்முறை கிடைத்துவிட்டது! குளிக்கும்போது வந்தது.

‘மகான்களே! உங்கள் உலகத்தில் இடி உண்டு, மாடு கத்துவது உண்டு. ஆனால் சத்தத்தைப் பிடித்து வைக்க ஒரு பாத்திரம் இல்லை. எனவே குரல் பானை. களிமண் எட்டு. வாய் கட்ட ஆட்டுத் தோல் ஒன்று (என்னை முட்டிய ஆட்டின் தோலாக இருந்தால் சிறப்பு). கொடிக் கயிறு ஒன்று. பானையின் வாய்க்கு நேராக முகத்தை வைத்து ஒரு வார்த்தை சொல்லி உடனே தோலைக் கட்ட வேண்டும். பிறகு பானையை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். ஏழு கடலுக்கு அப்பால் கட்டை அவிழ்த்தாலும், சொன்ன வார்த்தை சொன்ன குரலிலேயே வெளியே வரும். ஒரே ஒரு தடவை. அப்புறம் அது வெறும் பானை. தண்ணீர் பிடித்து வைக்கலாம்.’

இசக்கி படித்தாள். வழக்கமாக வெட்டித் தள்ளுகிறவள் இன்று ஒரு வரியையும் வெட்டவில்லை. அந்த ஆட்டைக்கூட விட்டுவைத்தாள்.

மே 10, வெள்ளி

இசக்கிக்குப் பள்ளியில் இரண்டாம் இடம்!

அவள் பாஸானால் ஊர் முழுக்க ஆட்டோவில் அறிவிப்பேன் என்று அவள் ஆறாம் வகுப்பில் இருக்கும்போதே வாக்குக் கொடுத்திருந்தேன். செய்யது வண்டியோடு வந்துவிட்டான். மைக்கைப் பிடித்து, மூச்சை இழுத்து, “சங்கரன்கோவில் வாழ்...” என்று தொடங்கினேன்.

குழாயிலிருந்து வந்தது குரல் இல்லை. தகரத்தைத் தரையில் இழுத்த சத்தம்.

செய்யது இறங்கி, மைக் ஒயரைப் பிடுங்கித் துணியால் துடைத்து மறுபடி சொருகினான். “அண்ணாச்சி, ஒயருதான் கோளாறு. நேத்தே அப்படித்தான் இருந்துச்சு” என்றான்.

“ஆமாடே, ஒயருதான்” என்றேன்.

இசக்கியும் வந்து ஒயரைப் பார்த்துவிட்டு, “ஒயருதான் மாமா” என்றாள்.

மூன்று பேரும் அந்த நல்ல ஒயரை வெகுநேரம் திட்டினோம். பிறகு எல்லோருக்கும் ஐஸ்கிரீம்.

மே 14, செவ்வாய்

குரல் பானைக்கு ஓட்டு குவிகிறது. லட்சம், கோடி என்று எழுத ஆசைதான். இருநூற்றுச் சொச்சம். எந்தெந்த நாட்டுக்காரர்களோ. ஒருத்தர், பூதத்தின் உறுமலைப் பிடித்துக் கூட்டாளி வீட்டில் அவிழ்த்துவிடலாமா என்று கேட்கிறார். எனக்குப் பிடித்த ஆள். இன்னொருத்தர், ‘ஏன் ஒரு தடவை மட்டும்? எத்தனை தடவை திறந்தாலும் கேட்க வேண்டும்’ என்கிறார்.

இசக்கியும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டாள்.

“ஒரு தடவதான்னா யாரு மாமா தெறப்பா? தெறந்தா தீந்துரும்லா. எல்லாரும் கட்டுன கட்டோட வச்சுப் பாத்துக்கிட்டேதான் இருப்பாங்க.”

“தீராத சரக்குக்கு எவன்ட்டி மதிப்புக் குடுப்பான்? என் தொழிலே அதுதான. ‘சரக்கு உள்ளவரை மட்டுமே.’ அதச் சொல்லலேன்னா ஒரு சேல விக்காது.”

“இது சேல இல்ல மாமா” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மே 17, வெள்ளி

இன்று ஒரு கேவலம். எழுதித் தொலைக்கிறேன்.

இசக்கி செல்போனைப் பதிவுக்கு வைத்து என் முன்னால் பிடித்தாள். “சாதாரணமா எதாச்சும் பேசுங்க மாமா. எப்பவும் பேசுவீயள்லா, அது மாதிரி.”

எனக்கு ஒரு வியாதி. தொண்டையில் இருப்பதைவிடப் பழையது. எதிரில் ஒரு மைக் இருந்தால், அது அரிசி அளவு இருந்தாலும், என் முதுகு நிமிர்ந்துவிடும்.

“பெரியோர்களே! தாய்மார்களே! இதோ உங்கள் இல்லத்தில்...” கரகரவென்று வந்தது.

“ஐயோ மாமா. அறிவிப்பு வேண்டாம். என்னையக் கூப்புடுங்க. வீட்டுல கூப்புடுத மாதிரி.”

“மாபெரும் இசக்கிப்பிரியா அவர்களே! இரண்டாம் இடம் பெற்ற...”

“மாமா!”

“சரி சரி. அழிச்சிரு. இப்பம் பாரு.” தண்ணீர் குடித்தேன். அவள் செல்போனைத் தூக்கினாள். முதுகு நிமிர்ந்தது. “அன்பார்ந்த வாடிக்கையாளர்களே!”

அவள் செல்போனைக் கட்டிலில் வைத்துவிட்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். “செய்யது மாமாகிட்ட ஒங்க அறிவிப்பு ஆயிரம் கெடக்கு. ஊருக்கெல்லாம் பேசிருக்கீய. எங்ககிட்டப் பேசுனது ஒண்ணுகூட இல்ல. ஒண்ணே ஒண்ணு கேட்டேன்.”

அதற்கு என்ன பதில் சொன்னேனோ, சாதாரணமாகத்தான் சொன்னேன். அப்போது பதிவு ஓடவில்லை.

மே 19, ஞாயிறு

நாளைக் காலை மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். பெட்டியில் வேட்டி நாலு, துண்டு, சிலேட்டு, இந்த நோட்டு.

இன்று முழுக்க எனக்கு விருப்பமானதைச் சொல்லலாம் என்று காலையில் தீர்மானித்தேன். யோசித்துப் பார்த்ததில் நான் சொன்னவை: “காப்பி ஆறிருச்சு.” “ஃபேன் சத்தம் போடுது.” “வடிவு, சாவி எங்க?” “ஏட்டி, அந்த நாயி நம்ம செருப்பத் தூக்கிட்டுப் போவுது பாரு!”

கடைசியாகச் சொன்னதில் கொஞ்சம் வேகம் இருந்தது.

ஜூன் 1, சனி

கையெழுத்து கோணல். கட்டிலின் குற்றம்.

ஆபரேசன் நல்லபடியாக முடிந்ததாம். எல்லாரும் சொல்கிறார்கள். கழுத்தில் ஓட்டை. மூச்சு அங்கே வந்து போகிறது. மூக்கு வெறும் அலங்காரம். சாப்பாடு மூக்குக் குழாய் வழியாக. ஆகவே அதுவும் வெட்டியாக இல்லை.

தும்மல் வந்தால் மூக்கைப் பொத்துகிறேன். தும்மல் கழுத்தில் வருகிறது. நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். சிலேட்டில் எழுதிக் காட்டினேன்: ‘பெருமக்களே, கடை இடம் மாற்றப்பட்டுள்ளது.’

நானும் சிரித்தேன். உடம்பெல்லாம் குலுங்கிற்று. சத்தம் இல்லை. சிரிப்பில் பாதி சத்தம்தான் என்பது இதுவரை தெரியாது.

ஜூன் 9, ஞாயிறு

வீடு. மாடி ஏற வேண்டாம் என்று வடிவு முன்னறையில் கட்டில் போட்டிருக்கிறாள். கஞ்சி வாய் வழியே இறங்குகிறது. கழுத்துக்கு மெல்லிய துணி, ஆவி, சுத்தம் பண்ணுவது என்று ஏகப்பட்ட கைங்கரியம். வடிவு முகம் சுளிக்காமல் செய்கிறாள். நான்தான் சுளிக்கிறேன்.

கரடியாரிடமிருந்து பதில் வந்து பல நாளாகிவிட்டதாம். இசக்கி சொல்லாமல் வைத்திருக்கிறாள். பிடுங்கிப் பார்த்தேன். ‘அருமையான யோசனை. ஆனால் ஆட்டக்காரர்களின் குரலைச் சேமித்து வைப்பது எங்கள் கொள்கையில் இல்லை. நிராகரிக்கப்பட்டவை வரிசையில் சேர்க்கிறோம்.’

“நான் திருப்பி எழுதுனேன் மாமா. ‘எங்க மாமாவுக்காகக் கேட்டேன்’னு. வேற ஒண்ணும் எழுதல.”

‘என்ன சொன்னார்?’

“அதே பதில மறுபடி அனுப்பிருக்கான்.”

மேல்முறையீடு செய்வோம், ஐ.நா. சபைக்குப் போவோம் என்று சிலேட்டில் எழுதத் தொடங்கினேன். பல்பம் உடைந்தது.

ஜூன் 29, சனி

இசக்கி பதினொன்றாம் வகுப்பு போகிறாள். சாயங்காலம் வந்ததும் லேப்டாப்பைத் திறந்து, “வாங்க, ஒண்ணு காட்டணும்” என்றாள்.

மண்ணாங்கட்டியில் மலை உச்சியில் நீள அறை கட்டியிருக்கிறாள். உள்ளே சுவர் முழுக்க அலமாரி. அலமாரி முழுக்கப் பானை. குரல் இல்லாத சாதாரணப் பானை; அதுதானே விளையாட்டில் உண்டு. ஒவ்வொன்றின் கீழும் ஒரு மரப்பலகை, பலகையில் எழுத்து:

‘காப்பி ஆறிருச்சு.’

‘வடிவு, சாவி எங்க?’

‘எதிரி நாட்டு ஒற்றன்’ என்று ஒன்று. அது நான் எழுதிக் காட்டியதல்லவா என்று சிலேட்டில் கேட்டேன். “எனக்கு அது ஒங்க குரல்லதான் கேட்டுச்சு” என்றாள்.

‘பெயிலானாலும் ஆட்டோ உண்டு. பயப்படாமப் போய் எழுது.’ இது நான் எப்போது சொன்னது? கணக்குப் பரீட்சை அன்றைக்காம். எனக்கு நினைவில்லை.

அறைக் கடைசியில் பலகை இல்லாத பானைகள் நிறைய. “நெனைவு வர வர எழுதணும். ஆனா மாமா, இப்பல்லாம் வார்த்த ஞாபகம் வருது, குரலு வரமாட்டேங்குது. நீங்க எப்படிச் சொல்லுவீயன்னு யோசிச்சா அறிவிப்புக் குரல்லதான் வருது.”

சிலேட்டை மடியில் கவிழ்த்து வைத்தேன். 

ஜூலை 13, சனி

செய்யது வந்தான். உட்காராமல் நின்றுகொண்டே இருந்தான். ஆடித் தள்ளுபடிக்கு அன்னபாக்கியம் ஜவுளிக்கடலில் அறிவிப்புக் கேட்கிறார்களாம்.

“வேற ஆள வச்சுப் பேசிப் போட்டுக் காட்டுனேன் அண்ணாச்சி. மொதலாளி, ‘இதக் கேட்டா இருக்க கூட்டமும் ஓடிரும். போன வருசம் கோமதி பேசுனதையே போடு’ங்காரு. நீங்க சரின்னா போடுதேன்.”

‘ராயல்டி உண்டா?’ என்று எழுதினேன்.

“மொதலாளிகிட்ட ஒரு வேட்டி கேட்டு வாங்கித் தாரேன்.”

‘பட்டுக்கரை. அதற்குக் குறைந்தால் வழக்கு.’

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். ஒயர் கோளாறு.

ஜூலை 17, புதன்

ஆடி முதல் தேதி. ஒழுங்காக எழுத வேண்டும்.

சாயங்காலம். முன்னறையில் நான் கட்டிலில். காற்றுக்காக வாசல் கதவு திறந்து கிடந்தது. வடிவு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். இசக்கி தரையில் உட்கார்ந்து, டம்ளரில் காப்பியோடு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

தெருமுனையில் சத்தம் கேட்டது. “பெரியோர்களே! தாய்மார்களே! ஆடி வந்தது! அன்னபாக்கியம் ஜவுளிக்கடலில் தள்ளுபடி வந்தது!”

அப்பா! என்ன குரல் அது! நானே எழுந்து சேலை வாங்கப் போயிருப்பேன். வடிவு கீரையை விட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். இசக்கி பென்சிலைத் தாளிலிருந்து எடுக்காமல் ஒரே எண்ணையே அழுத்திக்கொண்டிருந்தாள். ஊருக்குப் பேசும் குரல் எங்கள் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. “சரக்கு உள்ளவரை மட்டுமே! சரக்கு உள்ளவரை மட்டுமே!”

அதோடு அறிவிப்பு முடியும். முடிந்தது. குழாயில் ஒரு மூச்சு. பிறகு, சலிப்பாக, சாதாரணமாக:

“ஏட்டி இசக்கி, அந்தக் கதவச் சாத்து. சத்தம் வருதுல்லா.”

இசக்கி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். நடந்து போய் வாசல் கதவைச் சாத்தினாள். கொண்டியையும் போட்டாள். திரும்பினாள்.

அப்போதுதான் அவள் முகம் மாறியது. என் கழுத்துத் துணியைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள்.

வெளியே ஆட்டோ போய்க்கொண்டிருந்தது. “பெரியோர்களே!” என்று மறுபடி தொடங்கிவிட்டது.

ஜூலை 18, வியாழன்

செய்யது ஓடி வந்தான். போன வருஷம் அவன் வீட்டில்தான் பதிவு. முட்டை அட்டை ஒட்டிய அந்தச் சின்ன அறை. இசக்கியும் வந்திருந்தாள்; ஐஸ் தின்றுகொண்டு வாசலில் நின்றாள். முதல் தடவை பேசி முடித்ததும் வெளியே லாரி சத்தம். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு இரண்டாம் தடவை பேசினேன். அவன் நேற்றுத் தேடி எடுத்தது முதல் தடவை.

“கடைசியில நான் கேக்காமப் போட்டுட்டேன் அண்ணாச்சி. தெருத் தெருவா ‘கதவச் சாத்து’ன்னு போயிருக்கு. நாலு வீட்டுல சாத்திருக்காவ. மொதலாளி கூப்புட்டு, ‘கடைக்கு வாங்கன்னு சொல்லச் சொன்னா, கதவச் சாத்தச் சொல்லுத’ங்காரு. இன்னைக்கே வெட்டிருதேன்.”

நான் சிலேட்டைத் தேடுவதற்குள் இசக்கி சொல்லிவிட்டாள். “எங்க தெருவுக்கு மட்டும் வெட்டாதீங்க மாமா.”

அவள் அலமாரியில் இந்தப் பானை இல்லை. தினம் சொன்னது அது. மாடியில் பழகும்போது, போன் பேசும்போது, மழை பெய்யும்போது. அவ்வளவு தடவை சொன்னதால் யாருக்கும் ஞாபகத்தில் இல்லை. எனக்கும்தான்.

ஜூலை 30, செவ்வாய்

சாயங்காலம் ஆட்டோ. நான் சாத்தச் சொன்னேன். இசக்கி சாத்தினாள். “இந்த வெக்கையில எதுக்குட்டி தெனமும் கதவச் சாத்துத?” என்று வடிவு. ஆனால் அவளும் திறக்க எழவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

கழுத்தில் வைத்துப் பேசும் மெஷின் வந்தது. வைத்துப் பார்த்தேன். இரும்புப் பூதம் ஒன்று கிணற்றுக்குள்ளிருந்து எருமையைக் கூப்பிடுவதுபோல இருந்தது. ‘இசக்கி’ என்றேன். அவள் முகத்தைச் சிரிப்பாக வைத்துக்கொண்டாள். மெஷினைப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஆடி கடைசி நாள். நாளை முதல் தள்ளுபடி இல்லை, ஆட்டோ இல்லை.

பதிவைச் செல்போனில் ஏற்றித் தரட்டுமா என்று செய்யது கேட்டானாம். இசக்கி வாங்கி வைத்திருக்கிறாள். திறந்து கேட்டாயா என்று எழுதிக் கேட்டேன்.

“இல்ல. கட்டுன கட்டோட இருக்கட்டும்.”

சாயங்காலம் மூன்று பேரும் முன்னறையில் முன்கூட்டியே உட்கார்ந்துவிட்டோம். யாரும் எதற்காக என்று சொல்லிக்கொள்ளவில்லை. வடிவு உருவுவதற்குக் கீரைகூட எடுத்து வரவில்லை.

செய்யது வண்டியை எங்கள் வாசலில் மெதுவாக்கினான். “இன்றே கடைசி! இன்றே கடைசி!” கடைசி நாளுக்கென்று சேர்த்த வரி. அதுவும் என் குரல்தான். எந்த வருஷத்து ஆடியோ. பிறகு சரக்கு உள்ளவரை. பிறகு அந்த மூச்சு.

“ஏட்டி இசக்கி, அந்தக் கதவச் சாத்து. சத்தம் வருதுல்லா.”

சாத்தினாள். கொண்டி போட்டாள். கொண்டியிலேயே கையை வைத்துக்கொண்டு, கதவைப் பார்த்தபடி நின்றாள். ஆட்டோ திரும்பும் சத்தம், மெயின் ரோட்டில் கலக்கும் சத்தம், அப்புறம் ஒன்றும் இல்லை. அறை இருட்டாகவும் புழுக்கமாகவும் இருந்தது. வடிவு அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இசக்கி திரும்பவில்லை. தோள் மட்டும் அசைந்தது.

‘போதும், திற’ என்று நான் சொன்ன பதிவு எதுவும் யாரிடமும் இல்லை.

நானே எழுந்து போய், அவள் கையை மெல்ல நகர்த்தி, கொண்டியை எடுத்துக் கதவைத் திறந்தேன்.